காட்டு ரிசர்வை ஒட்டிய வீடு: தீயிலிருந்து தப்பவும் வேண்டும், காடும் கெடக் கூடாது. எதிலிருந்து தொடங்குவது?

சரிவுவீடு:

எல்லோருக்கும் வணக்கம். சிட்னியின் வடக்கே, ஹார்ன்ஸ்பி பக்கம், 720 சதுர மீட்டர் மனை. பின் வேலியைத் தாண்டினால் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) புஷ்லாண்ட் ரிசர்வ், அதாவது பாதுகாக்கப்பட்ட காட்டு நிலம், அதற்குக் கீழே ஓடை, அப்புறம் பெரோவ்ரா பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா. வீட்டின் பின்சுவரிலிருந்து வேலி வரை 14 மீட்டர்தான். வேலிக்கு அப்பால் நிலம் 10 டிகிரிக்கு மேல் சரிகிறது. செங்கல் சுவர், ஓட்டுக்கூரை, பின்னால் மரத்தில் ஒரு டெக் (திறந்த மேடை). வேலியும் மரப்பலகைதான்.

நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும். காட்டுத்தீக்கு எதிராக இந்த 14 மீட்டரில் என்ன செய்ய முடியும்? கறிவேப்பிலை, கொய்யா, பூச்செடிகள் வைத்தால் காட்டுக்குக் கெடுதலா? தாழ்வாரத் தண்ணீர்க் குழாய் வேலியோரத்தில் திறந்து விடப்பட்டிருக்கிறது, அது சரியா? கூரைக்குள் பாசம் (possum, வயிற்றில் பை உள்ள, இரவில் நடமாடும் மர விலங்கு) இருக்கிறது, தோட்டத்தில் பாம்பு வரும் என்கிறார்கள், வீட்டில் ஒரு பூனையும் உண்டு. இவற்றை எப்படிச் சமாளிப்பது?

காட்டை வெட்டி ஒதுக்கிவிட்டு வாழும் எண்ணம் இல்லை. காடு காடாகவே இருக்க வேண்டும், வீட்டில் இருப்பவர்களும் பத்திரமாக இருக்க வேண்டும்.

தீவரம்பு:

தீ சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன். செடி, விலங்கு பற்றி மற்றவர்கள் சொல்வார்கள்.

முதலில் காகிதம். வீடு வாங்கிய ஒப்பந்தத்தோடு 10.7 பிளானிங் சான்றிதழ் இணைத்திருப்பார்கள். உங்கள் மனை 'புஷ் ஃபயர் ப்ரோன் லேண்ட்' (காட்டுத்தீ அபாய நிலம்) வரைபடத்தில் இருக்கிறதா என்று அதில் தெரியும். கூடவே மனையின் மீதுள்ள கட்டுப்பாடுகளைப் பதிவு செய்யும் 88பி ஆவணத்தையும் பாருங்கள். சில மனைகளில் பின்பகுதியை நிரந்தரமாகத் தீத்தடுப்பு வெளியாகப் பராமரிக்க வேண்டும் என்றோ, அதற்கு நேர்மாறாக அங்குள்ள மரத்தைத் தொடக் கூடாது என்றோ அதில் எழுதியிருக்கும். இரண்டையும் படிக்காமல் ஒரு கிளையைக்கூட வெட்டாதீர்கள்.

அடுத்தது பி.ஏ.எல். (புஷ் ஃபயர் அட்டாக் லெவல், காட்டுத்தீ வீட்டைத் தாக்கும் அளவு) மதிப்பீடு. 12.5, 19, 29, 40 என்ற எண்கள் சுவரின் மேல் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோவாட் வெப்பம் விழக்கூடும் என்பதைச் சொல்கின்றன. அதற்கும் மேலே போனால் 'ஃப்ளேம் ஸோன்', அதாவது தீச்சுவாலையே வீட்டைத் தொடக்கூடிய இடம். இந்தக் கணக்கில் ஆட்களுக்கு அடிக்கடி தவறிப்போவது சரிவு. தீ மேட்டை நோக்கி ஏறும்போது ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால்தான் நியூ சவுத் வேல்ஸ் விதிகளின்படி (2019ஆம் ஆண்டின் 'பிளானிங் ஃபார் புஷ் ஃபயர் ப்ரொடெக்‌ஷன்') யூகலிப்டஸ் காட்டுக்கும் வீட்டுக்கும் இடையே பி.ஏ.எல். 29 கிடைக்கச் சமநிலத்தில் 24 மீட்டர் போதும், காடு வீட்டுக்குக் கீழே 10 முதல் 15 டிகிரிச் சரிவில் இருந்தால் 45 மீட்டர் வேண்டும். வேலியிலிருந்தே காடு தொடங்குகிறது என்றால் உங்கள் 14 மீட்டர் ஃப்ளேம் ஸோனுக்குள் விழும். கவுன்சில் வேலியோரமாக ஒரு பட்டையைத் தீத்தடுப்பு வெளியாகப் பராமரித்து வந்தால் கணக்கு மாறலாம், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே கட்டிய வீட்டை ஏ.எஸ். 3959 என்னும் காட்டுத்தீப் பகுதிக் கட்டடத் தரத்துக்கு மாற்றியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் அறையோ கொட்டகையோ சேர்த்துக் கட்டப் போனால் இந்த எண் குறுக்கே நிற்கும். பி.ஏ.எல். 40, ஃப்ளேம் ஸோன் இரண்டிலும் விரைவு அனுமதி (சி.டி.சி.) கிடையாது, கவுன்சிலிடம் முழு டி.ஏ. (கட்டட அனுமதி விண்ணப்பம்) போட வேண்டும்.

இந்த எண்ணைப் பார்த்துப் பயந்து எல்லோரும் வேலிக்கு அந்தப் பக்கத்தையே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வீட்டை. ஆஸ்திரேலியாவில் காட்டுத்தீயில் எரிந்த வீடுகளில் பெரும்பாலானவை காற்றில் பறந்து வந்த தீப்பொறிகளால் எரிந்தவை. அந்தப் பொறிகள் தீ வருவதற்கு முன்பே வரும், தீ கடந்துபோன பிறகும் மணிக்கணக்கில் விழும். ரிசர்வை மொட்டையடித்தாலும் அவை நிற்கா. உள்ளே நுழைய இடைவெளி இல்லாமலும், உட்கார்ந்து பற்ற உலர்ந்த பொருள் இல்லாமலும் வீட்டை வைத்திருப்பதுதான் வழி.

சுவரின் காற்றுத்துளைகள், கூரை விளிம்பு, தரைக்கு அடியிலுள்ள திறப்புகள் எல்லாவற்றுக்கும் 2 மில்லிமீட்டருக்கு மிகாத கண் உள்ள உலோக வலை அடியுங்கள். எஃகு, வெண்கலம் எதுவானாலும் துருப்பிடிக்காததாக இருக்கட்டும். ஃபைபர் கொசுவலை உருகி வழிந்துவிடும். ஓட்டுக்கூரையில் ஓடுகளுக்கு நடுவே பொறி நுழையும் சந்துகள் ஏராளம். அடியில் சார்க்கிங் தாள் (ஓடுகளின் கீழ் விரிக்கும் தடுப்புத் தாள்) இல்லையென்றால் அடுத்த கூரை வேலையின்போது கட்டாயம் போடுங்கள். தாழ்வாரக் குழாய்க்கு உலோக வலை போட்டால் உள்ளே இலை சேர்வது குறையும், ஆனால் வலையின் மேலேயே சருகு தங்கும், கூரையின் இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் இன்னும் அதிகம். வலை போட்டாயிற்று என்று ஏறிப் பார்க்காமல் இருப்பதுதான் வழக்கமான தவறு.

உங்கள் வீட்டில் எனக்கு அதிகம் உறுத்துவது அந்த டெக். பலகைகளின் இடுக்கில் சருகு, அடியில் பழைய பலகை, பெயின்ட் டப்பா என்று சேர்ந்தால் வீட்டின் சுவரோடு ஒட்டிய விறகடுப்பு அது. அடியைக் காலி செய்து, பக்கங்களை அதே 2 மில்லிமீட்டர் வலையால் மூடுங்கள். இலை கூட்டுவதற்குக் கழற்றி மாட்டும்படி ஒரு பக்கம் இருக்கட்டும். அடுத்தது மரவேலி. வீட்டிலிருந்து 6 மீட்டருக்குள் வரும் வேலியும் கதவும் எரியாத பொருளில் இருக்க வேண்டும், பி.ஏ.எல். 29 அல்லது அதற்கு மேல் என்றால் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அப்படித்தான் என்பது புதிய வேலைகளுக்கான விதி. வேலியை மாற்றும்போது முழுவதும் உலோகமாக்குங்கள். இப்போதைக்குப் பணம் இல்லையென்றால் வீட்டுச் சுவரைத் தொடும் துண்டையும் பக்கக் கதவையுமாவது மாற்றிவிடுங்கள், வேலி வழியாகத் தீ சுவருக்கு ஓடிவராது. கேஸ் சிலிண்டரின் வால்வு வீட்டைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கட்டும். வெளிக்குழாய் இணைப்புகள் பித்தளையில் இருக்கட்டும்.

இனி அந்த 14 மீட்டர். ஏ.பி.இசட். என்னும் தீத்தடுப்பு வெளியின் உட்பகுதிக்கான அளவுகள் இவை. மரங்கள் முழுதாக வளர்ந்த நிலையில் அவற்றின் நிழல்பரப்பு 15 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். கிளை கூரைக்கு மேல் தொங்கக் கூடாது. தரையிலிருந்து 2 மீட்டர் உயரம் வரை கீழ்க்கிளைகளைக் கழிக்க வேண்டும். மரத்தலைகளுக்கு இடையே 2 முதல் 5 மீட்டர் இடைவெளி. குத்துச்செடிகள் தரைப்பரப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மரத்துக்கு நேர் கீழே அவை இருக்கவே கூடாது, இருந்தால் தீ ஏணி ஏறுவதுபோல் மேலே போகும். கண்ணாடிச் சன்னலிலிருந்து செடியின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் விட வேண்டும். புல் 10 சென்டிமீட்டருக்குள்.

உங்கள் பின்தோட்டம் சுமார் 250 சதுர மீட்டர் என்று வைத்தால் 25 சதுர மீட்டருக்குக் குத்துச்செடி வைக்கலாம். அதை ஒரே வரிசையாக வேலியோரம் நடாமல், எட்டெட்டு சதுர மீட்டரில் மூன்று திட்டுகளாக, நடுவில் புல்லோ கல்லோ விட்டு நடுங்கள். ஒன்றரை மீட்டர் வளரும் செடி என்றால் சன்னலிலிருந்து 3 மீட்டர் தள்ளி. சுவரை ஒட்டி மரப்பட்டை மல்ச் (மூடாக்கு) போடாமல் சரளைக்கல் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. இத்தனையும் செய்த பிறகும், பள்ளத்தாக்கின் மேல்விளிம்பில் இருக்கும் பழைய வீட்டை நின்று காப்பாற்றலாம் என்று நினைக்கக் கூடாது. அபாய எச்சரிக்கை 'கெட்டஸ்ட்ரோஃபிக்' (பேரழிவு நிலை) என்று வந்த நாளில் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். புகை தெரிந்த பிறகு கிளம்புவது உயிருக்கு ஆபத்து. சட்டப்படி தீக்காலம் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை, ஆகவே மேலே சொன்ன வேலைகள் செப்டம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும்.

மேட்டுநிலம்:

இவ்வளவு யோசிக்கத் தேவையில்லையே. 10/50 விதி இருக்கிறது. வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் எந்த மரத்தையும், 50 மீட்டருக்குள் செடிகொடிகளையும் அனுமதி இல்லாமல் எடுக்கலாம். வேலிக்கு அப்பாலும் 36 மீட்டர் சுத்தம் செய்துவிட்டால் தீர்ந்தது.

தீவரம்பு:

இல்லை. இதை இப்படியே நம்பிச் செய்தால் வழக்கு வரும்.

10/50 விதி உங்கள் சொந்த நிலத்துக்கு மட்டும். அடுத்தவர் நிலம் என்றால் அந்த உரிமையாளரின் சம்மதம் வேண்டும். ரிசர்வ் கவுன்சிலின் நிலம், அதில் ஒரு புதரைக்கூட இந்த விதியைக் காட்டி எடுக்க முடியாது. ஆகவே சரிவுவீட்டுக்கு அது வேலியோடு நின்றுவிடுகிறது. எல்லா மனைக்கும் அந்த உரிமை இல்லை என்பதும் முக்கியம். ஆர்.எஃப்.எஸ். (ரூரல் ஃபயர் சர்வீஸ், மாநிலத்தின் காட்டுத்தீ அணைப்புச் சேவை) இணையதளத்தில் முகவரியைப் போட்டுப் பார்க்க வேண்டும், எல்லைகள் மாறும் என்பதால் வெட்டும் நாளில் மறுபடி பார்த்து அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். 10 மீட்டருக்கு அப்பால் மரத்தைத் தொட முடியாது, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு 30 சென்டிமீட்டரைத் தாண்டினால் அது மரம். மண்ணைக் கிளறும் இயந்திரம் இறக்கக் கூடாது. நிலம் 18 டிகிரிக்கு மேல் சரிந்தால் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. 88பி கட்டுப்பாடுகளையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

உரிமை இருக்கிறது என்பதற்காக எல்லா மரத்தையும் எடுப்பதும் நல்லதல்ல. கீழ்க்கிளை கழித்த, வழவழப்பான பட்டையுடைய ஒரு தனி யூகலிப்டஸ் வேகக் காற்றைத் தணிக்கும், சில பொறிகளையும் தடுக்கும். வீட்டருகே ஆகாதவை நார்நாராகப் பட்டை தொங்கும் ஸ்ட்ரிங்கிபார்க், பேப்பர்பார்க் வகைகள், நெருக்கமாக நட்ட ஊசியிலை வேலிகள். பொந்துள்ள மரம் இருந்தால் எப்படியாவது காப்பாற்றுங்கள். ஆந்தையும் கிளியும் குடியேறும் அளவுக்குப் பொந்து உருவாக நூறாண்டுக்கு மேல் ஆகும்.

ரிசர்வில் சருகு அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கிறது என்று நினைத்தால் ஆர்.எஃப்.எஸ்.ஸிடம் தீ அபாயப் புகார் கொடுக்கலாம், 1997ஆம் ஆண்டின் ரூரல் ஃபயர்ஸ் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஆய்வு செய்து பதில் சொல்வார்கள். வருடாவருடம் எரிக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அங்குள்ள உலர் காட்டுவகைக்கு இரண்டு தீக்கு இடையே குறைந்தது 7 ஆண்டு இடைவெளி வேண்டும் என்பது வழிகாட்டுதல். ஹீத் பேங்ஸியா போன்றவை தீயில் செத்து விதையிலிருந்து முளைப்பவை, அந்தக் கன்றுகள் பூத்துக் காய்ப்பதற்குள் மறுபடி எரித்தால் அந்த இனமே அந்தச் சரிவிலிருந்து போய்விடும்.

நாயுண்ணி:

வணக்கம். தண்ணியையும் செடியையும் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் காட்டுக்கு உங்கள் வளவிலிருந்து போகிற முதல் கேடு அந்தக் குழாய்தான்.

உங்கள் பக்கத்தின் அடிப்பாறையான ஹாக்ஸ்பரி மணற்கல்லின் மேலுள்ள மண்ணில் பாஸ்பரஸ் சரியான குறைவு. அங்கே வளருகிற பேங்ஸியா, கிரெவில்லியா எல்லாம் அந்தக் குறைவுக்கே பழகினவை, பாஸ்பரஸ் கூடினால் அவைக்கு நஞ்சு மாதிரி. கூரைத் தண்ணி, புல்லுக்குப் போட்ட உரம், கோழி எரு, நாய்க் கழிவு, கார் கழுவின சோப்புத்தண்ணி எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் சரிவில் இறங்கினால் மண் அரிபடும், ஈரமும் சத்தும் கூடும். பிறகு அந்த வழி நெடுகப் பிரிவெட், வாண்டரிங் ட்ரேட் என்கிற களைகள் பிடிக்கும். சிட்னியில் எந்த ரிசர்விலும் வீட்டு வேலிகளுக்குப் பின்னால் களைப்பட்டை ஒன்று இருக்கும், காரணம் இதுதான். களையை மட்டும் பிடுங்கித் தண்ணியை நிற்பாட்டாவிட்டால் அடுத்த வருஷம் அதே இடத்தில் அதே களை.

குழாயை வேலியோரம் திறந்துவிடுகிறது சரியில்லை. முதலில் பழைய வரைபடத்தில் மழைநீர் ஈஸ்மென்ட் (தண்ணி போக ஒதுக்கின வழி) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் இணைக்க வேணும். இல்லாவிட்டால் கவுன்சிலின் அனுமதியோடு வேறு வழி. கூரைத் தண்ணியைத் தொட்டியில் சேர்த்துத் தோட்டத்துக்கும் கழிவறைக்கும் பாவிக்கலாம். மிஞ்சி வழிகிறதை இலை வடிகட்டும் குழி வழியாக விட்டு, சமஉயரக் கோட்டில் கிடையாக ஒரு கல்வாய்க்கால் போட்டுப் பரவலாகக் கசிய விடலாம். ஒரு முனையால் பாய்ந்தால் மண்ணை வெட்டும், பத்து மீட்டருக்குப் பரவிக் கசிந்தால் வெட்டாது. கல்வாய்க்கால் மட்டம் பிசகினால் தண்ணி தாழ்ந்த முனையில் கூடி மறுபடி வெட்டத் தொடங்கும், ஆகவே மட்டம் பார்த்துப் போடுங்கள். தொட்டி தீக்கும் உதவ வேணும் என்றால் பிளாஸ்டிக்கில் வேண்டாம், உலோகமோ கொங்கிரீட்டோ நல்லது. நீச்சல்குளம் வைத்தால் அதன் கழிவுத்தண்ணி சாக்கடைக்குத்தான் போக வேணும், ஒருநாளும் காட்டுக்குள் போகக் கூடாது.

உரம் போட்டால் வேலியிலிருந்து தள்ளி, மெதுவாகக் கரையும் வகை. உள்ளூர்ச் செடிகளுக்குப் பாஸ்பரஸ் 3 சதவீதத்துக்குக் கீழ் உள்ளது.

கறிவேப்பிலை வையுங்கள், தொட்டியிலோ வீட்டின் முன்பக்கமோ. பழம் கறுத்ததும் குருவிகள் தின்று விதையைக் காட்டுக்குள் போடும். பூங்கொத்து வந்தவுடன் நறுக்கிவிட்டால் இலையும் நல்லாய் வரும், பரவவும் மாட்டாது. நிலத்தில் நட்டு வேரை வெட்டினால் பக்கக்கன்று கிளம்பும். கொய்யாவும் அப்படியே, பழத்தை மரத்தில் பழுத்து விழ விடாதீர்கள். மூடும் வலை 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர் கண்ணுக்குள் இருக்க வேணும். அதைவிடப் பெரிய கண் என்றால் பழந்தின்னி வௌவால் சிக்கிச் சாகும். விக்டோரியாவில் 2021 செப்டம்பரிலிருந்து இது சட்டமே. வாழையில் காய்ந்த சருகைத் தொங்க விடாமல் அறுத்துவிடுங்கள்.

வைக்கவே கூடாதவை: மணமுள்ள வேலிச்செடி என்று விற்கிற முராயா, இரவில் மணக்கிற செஸ்ட்ரம், மஞ்சள் இஞ்சிலில்லி, அகபாந்தஸ், ஃபிஷ்போன் ஃபேர்ன், ஐவி, மோர்னிங் குளோரி. வேலியோரம் மஞ்சளாய்ப் பூக்கிற ஒரு சென்னா பத்தையைக் கண்டு ஊர் ஆவாரை என்று மகிழ்ந்து வளர்க்கிறவர்கள் உண்டு. அது தென்னமெரிக்கச் செடி, சிட்னிக் காடுகளின் பெரிய களைகளில் ஒன்று.

மேலே சொன்ன மூன்று திட்டுகளுக்கு லொமாண்ட்ரா, டயனெல்லா, நேட்டிவ் வயலெட், ஹார்டன்பெர்ஜியா என்கிற உள்ளூர்ச் செடிகள் போதும். ஒன்றிரண்டு புளூபெர்ரி ஆஷ் மரம் வைக்கலாம். கவுன்சில் நாற்றங்காலில் உள்ளூர் விதையிலிருந்து வளர்த்த கன்றாய்க் கேட்டு வாங்குங்கள். பெரிய பூப் பூக்கிற கலப்பின கிரெவில்லியாவைக் கூட்டமாய் வைத்தால் நோய்சி மைனர் என்கிற பறவை வந்து பிடித்துக்கொண்டு மற்றச் சின்னக் குருவிகளைத் துரத்திவிடும். சின்னக் குருவிக்கு வேண்டியது ஒளிய அடர்த்தியான, முள்ளுள்ள திட்டு.

களை எடுக்கிறதுக்கு ஒரு முறை இருக்கிறது. மொஸ்மனில் 1960களில் ஜோன், எயிலின் பிராட்லி என்ற சகோதரிகள் உண்டாக்கினது. நல்ல காடு இருக்கிற பக்கத்திலிருந்து தொடங்கிக் களை மண்டின பக்கத்துக்குப் போக வேணும், மண்ணை முடிந்தளவு கிளறக் கூடாது, காடு தானாய் மீளுகிற வேகத்தைவிடக் கூடுதலாய் வெட்டக் கூடாது. ஆட்கள் செய்கிறது நேர்மாறு. மோசமான பத்தையை ஒரே நாளில் வழித்தெடுத்து வெறும் மண்ணை வெயிலுக்கு விடுவார்கள், மூன்று மாதத்தில் புதுக் களை மூடிவிடும்.

லந்தானாவையும் (நாயுண்ணி, தமிழ்நாட்டில் உண்ணிச்செடி) பிரிவெட்டையும் அடியோடு கிடையாக வெட்டி 15 விநாடிக்குள் கிளைஃபோசேட் பூச வேணும், லேபிளில் சொன்ன கலவையில். பிந்தினால் வெட்டின வாய் மூடிக்கொள்ளும், மருந்து இறங்காது. லந்தானாப் பத்தைக்குள் ஃபெயரி ரென் என்கிற சின்னக் குருவி கூடு கட்டும், பிரிவெட்டில் ரிங்டெயில் பாசம் கூடு வைக்கும். ஆகவே கூடு பார்த்து, பகுதி பகுதியாய், பக்கத்தில் மாற்று வளர்ந்த பிறகு. அஸ்பராகஸ் ஃபேர்னுக்குக் கிழங்குகளைத் தோண்டிக் களைக்கத் தேவையில்லை. நடுக்கொண்டையை மட்டும் கத்தியால் அறுத்தெடுத்தால் போதும், தண்ணி சேர்க்கிற அந்த உருண்டைகள் முளையா. மதேரா கொடிக்கு மட்டும் இழுவை வேண்டவே வேண்டாம். இழுத்தால் கொடியிலுள்ள கிழங்குகள் நூற்றுக்கணக்கில் கொட்டும், ஒவ்வொன்றும் முளைக்கும். தண்டின் ஒரு பக்கத்தைச் சுரண்டி மருந்து பூசி, மரத்திலேயே சாக விட வேணும்.

இதெல்லாம் உங்கள் வளவுக்குள். வேலிக்கு அப்பால் செய்ய ஆசையென்றால் கவுன்சிலின் புஷ்கேர் (காட்டைப் பராமரிக்கிற தன்னார்வலர்) குழுவில் சேர்ந்து செய்யுங்கள். காட்டுக்குள் போகும்போதும் வரும்போதும் சப்பாத்து மண்ணைத் தட்டி, 70 சதவீத மெதிலேட்டட் ஸ்பிரிட் அடியுங்கள். ஃபைட்டோஃப்தோரா என்கிற வேரழுகல் கிருமி அந்த ஈரமண்ணில்தான் ஊர் மாறுகிறது. பாறைக்கல்லைத் தோட்ட அலங்காரத்துக்கு எடுக்காதீர்கள். அந்தத் தட்டைக்கல்லின் கீழ்தான் பல்லியும் அதைத் தின்னுகிற அரிய பாம்பும் இருக்கின்றன.

இரவாந்தை:

விலங்குகளுக்கு வருகிறேன். நியூ சவுத் வேல்ஸில் பாசம், பாம்பு, பிரஷ் டர்க்கி (தரையில் திரியும் பெரிய பறவை) எல்லாம் 2016ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிடிக்கவோ அடிக்கவோ கூடாது.

கூரைக்குள் இருக்கும் பாசத்தைத் தூரக் காட்டில் விட்டுவரலாம் என்பது தவறான யோசனை. உரிமம் பெற்றுப் பிடித்தாலும் அன்றே இருட்டியதும், பிடித்த இடத்திலிருந்து 150 மீட்டருக்குள் விட வேண்டும். அதைத் தாண்டி விட்டால் இன்னொரு பாசத்தின் எல்லைக்குள் மாட்டி அது சாகும், காலியான உங்கள் கூரைக்கு வேறொன்று வரும். செய்ய வேண்டியது வழியை அடைப்பது. முதலில் தோட்டத்து மரத்தில் நான்கு மீட்டர் உயரத்தில் ஒரு பாசம் பெட்டி கட்டுங்கள். ஓட்டை எது என்று கண்டுபிடித்து, அதில் தாளைக் கசக்கி லேசாகச் செருகிவைத்தால் மறுநாள் அது தள்ளப்பட்டிருப்பதை வைத்து உறுதி செய்யலாம். இருட்டிய பிறகு அது வெளியே போனதைக் கண்ணால் பார்த்து, உள்ளே குட்டி இல்லை என்பதையும் பார்த்து, பிறகு உலோகத் தகட்டால் அடையுங்கள். கூரைக்குத் தாவ உதவும் கிளையை வெட்டுவது தீக்கும் ஏற்கெனவே சொன்ன வேலைதான்.

பூனையை வெளியே விடாதீர்கள், பகலிலும்தான். கான்பராவில் 2022 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பூனைகளை அடைத்து வைப்பது சட்டம். இங்கே மாநிலம் முழுவதற்குமான அப்படிப்பட்ட விதி இல்லை, ஆனால் வனவிலங்குப் பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்த இடத்தில் பூனை நுழைவதே தடை. உங்கள் ரிசர்வ் அதில் சேர்ந்ததா என்று கவுன்சிலில் கேளுங்கள். டெக்கை ஒட்டி வலைக்கூண்டு கட்டி, சன்னல் வழியாகப் போய்வரும்படி செய்தால் பூனைக்கும் வெயில் கிடைக்கும்.

எலிமருந்து விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். ப்ரோடிஃபகூம், ப்ரோமடியோலோன் என்று லேபிளில் இருந்தால் வாங்காதீர்கள். எலி உடனே சாகாது, தள்ளாடித் திரியும், ஆந்தைக்குச் சுலபமாகக் கிடைக்கும். அந்த நஞ்சு ஆந்தையின் ஈரலில் தங்கிச் சேரும். சிட்னி வடக்கின் பள்ளத்தாக்குகளில் பவர்ஃபுல் அவுல் என்னும் பெரிய ஆந்தை இணைகள் கூடு கட்டி வாழ்கின்றன, அழிவுநிலைப் பட்டியலில் உள்ள பறவை அது. உணவுக்கழிவுத் தொட்டியின் அடியில் வலை போட்டு, கோழித்தீவனத்தை உலோக டப்பாவில் அடைத்து, பெட்டிக்குள் வைத்த ஸ்பிரிங் பொறியைப் பயன்படுத்துங்கள்.

எலி குறைந்தால் பாம்பும் குறையும். தரையோடு கிடக்கும் தகரம், செங்கல் குவியல், உயரமான புல் இவைதான் பாம்புக்கு அழைப்பு. பார்த்தால் விலகி நின்று, உரிமம் உள்ள பாம்புபிடிப்பவரையோ வைர்ஸ் என்னும் வனவிலங்கு மீட்பு அமைப்பையோ கூப்பிடுங்கள். கடித்துவிட்டால் ஊரில் பழகிய முறைகள் எதுவும் வேண்டாம். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கக் கூடாது, கடிவாயைக் கழுவவும் கூடாது. தோலில் படிந்த நஞ்சை வைத்து மருத்துவமனையில் பாம்பு வகையைக் கண்டறிய முடியும். 10 முதல் 15 சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக் பேண்டேஜைக் கடித்த இடத்தின் மேல் சுற்றி, இன்னொன்றை விரல்களிலிருந்து மேல்நோக்கிக் கைகால் முழுவதும் இறுக்கமாகச் சுற்றி, சிம்பு வைத்துக் கட்டி, ஆளை ஓரடிகூட நடக்க விடாமல் அவசர உதவி எண் 000ஐ அழையுங்கள். ஃபனல்வெப் சிலந்திக்கும் இதே முறை. அதற்கான நஞ்சுமுறி மருந்து 1981இல் வந்த பிறகு அந்தக் கடியால் யாரும் இறக்கவில்லை. இரண்டு பேண்டேஜ் டெக்கின் கதவருகே எப்போதும் இருக்கட்டும்.

பாம்பைவிட அடிக்கடி தொல்லை தருவது பாரலிசிஸ் டிக் என்னும் உண்ணி. விரலாலோ கிடுக்கியாலோ பிடித்து இழுத்தால் அதன் உமிழ்நீர் உடம்புக்குள் பிதுங்கும். அதிலிருந்து இறைச்சி ஒவ்வாமை வரை வரக்கூடும். ஈதர் உள்ள உறையவைக்கும் ஸ்பிரே அடித்து, அது இருந்த இடத்திலேயே செத்து உதிர விடுங்கள். கடுகளவு குஞ்சுகளுக்குப் பெர்மெத்ரின் களிம்பு. முன்பு உண்ணிக்கு ஒவ்வாமை வந்தவர்கள் இதை வீட்டில் செய்யாமல் மருத்துவரிடம் போக வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் தடுப்பு மருந்து தவறக் கூடாது.

பறவைகளுக்குத் தீனி வைக்காதீர்கள், ரொட்டியும் அரைத்த இறைச்சியும் அவற்றுக்குக் கெடுதல். டெக் விளக்குக் கீழ்நோக்கி, மஞ்சளாக, ஆள் நடமாட்டத்தில் மட்டும் எரியும்படி இருக்கட்டும். காட்டைப் பார்த்த வெள்ளை ஃப்ளட்லைட் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

சரிவுவீடு:

மிகவும் நன்றி. டெக்கின் அடியும் குழாயும்தான் முதல் வேலை என்று தெரிகிறது. ஒன்று விட்டுப்போயிற்று. வேலிக்கு அந்தப் பக்கம், ரிசர்வ் நிலத்தில், பழைய புல்வெட்டும் கிளைகளும் கொட்டிய பெரிய குவியல் இருக்கிறது. மட்கியும் மட்காமலும் ஒரு மீட்டர் உயரம். இதை எடுத்துவிடலாமா?

நாயுண்ணி:

நீங்களாய் எடுக்காதீர்கள். கவுன்சிலின் புஷ்லாண்ட் பிரிவுக்குப் படத்தோடு எழுதிவிடுங்கள், 'கொட்டினது யார்' என்கிறதைவிட 'எடுக்க உதவி வேணும்' என்று. அனுமதி தந்தால் கையால், மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாய். மேல் பகுதியில் காய்ந்த கிளைதான் தீக்கு ஆபத்து, அது முதலில் போகட்டும். அடியில் மட்கினதை வாளியில் அள்ளி உங்கள் காய்கறிப் பாத்திக்கும் போடக் கூடாது, களைவிதை நிறைந்திருக்கும். கிழங்கு, வேர், விதைத் துண்டுகளைக் கறுப்புப் பையில் கட்டி வெயிலில் சில வாரம் வைத்துவிட்டு, கவுன்சில் சொல்கிற தொட்டியில் போடுங்கள். புளூடங் பல்லி இருக்கும், கையுறை போட்டுக்கொண்டு மெதுவாய்க் கிளறுங்கள்.

எடுத்த இடத்தில் முதல் மழையோடு களை வெடித்துக் கிளம்பும். மண்ணில் சேர்ந்த சத்து போக வருஷங்கள் எடுக்கும் என்பதால், முதல் இரண்டு வருஷம் புஷ்கேர் ஆட்கள் மாதமொருமுறை வந்து கையால் பிடுங்கினால்தான் வீப்பிங் கிராஸ் போன்ற உள்ளூர்ப் புல் மேலே வரும். அதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

தீவரம்பு:

அதோடு ஒன்று. அந்தக் குவியலை அங்கேயே எரிக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது உங்கள் நிலமும் இல்லை, மட்கிய குவியலுக்குள் தணல் நாட்கணக்கில் புகைந்துகொண்டே இருந்து காற்று எழும்பும் நாளில் வெளியே வரும். கவுன்சில் எடுத்த பிறகு, அந்த இடத்தை வேலியோரத் தீத்தடுப்புப் பட்டையில் சேர்த்துப் பராமரிக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.